முதுகெலும்பில் நரம்புப் பாதை குறுகிவிட்டால் ஆபரேஷன் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அம்மாவுக்கு 71 வயது, ஏற்காட்டில் இருக்கிறார். பல வருடமாகச் சர்க்கரை, மாத்திரையில் ஓடுகிறது. சந்தைக்குத் தனியாகப் போய்வந்துகொண்டிருந்தவருக்கு இப்போது நூறு அடி நடந்தாலே இரண்டு காலும் பிட்டத்திலிருந்து கெண்டைக்கால்வரை கனத்து மரத்துப்போகின்றன. எங்கேயாவது உட்கார்ந்தால்தான் சரியாகிறது. சேலத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 (கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகள்) இடத்தில் 'சிவியர் கனால் ஸ்டெனோசிஸ்', அதாவது நரம்புப் பாதை கடுமையாகக் குறுகியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். பார்த்த சர்ஜன் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார், அம்மா கத்தியே வேண்டாம் என்கிறார். ஊசி, பெல்ட், முதுகை இழுத்துவிடும் டிராக்‌ஷன், எண்ணெய் வைத்தியம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இதில் எதைச் செய்தால் ஆபரேஷன் இல்லாமல் குணமாகும் என்று கேட்கிறீர்கள்.

நான் சேலத்தில் பல வருடமாக பிசியோதெரபி பார்ப்பவன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. ஆகவே கீழே எழுதுவதை வைத்து நீங்களே முடிவெடுத்துவிடாமல், அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், உங்கள் ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. குறுகிப்போன பாதை மருந்தாலோ பயிற்சியாலோ திரும்ப அகலுமா என்றால், அகலாது. அகலும் என்று யார் சொன்னாலும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் பாதை அப்படியே இருக்கும்போதே அம்மா மறுபடி சந்தைவரை நடக்க முடியுமா என்றால், கணிசமான பேருக்கு முடிகிறது. பாதை அப்படியே இருந்தும் நடை எப்படித் திரும்பும் என்பதற்கு முதுகின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் இடுப்பின் மேல்பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் நரம்புகள் கொத்தாக ஒரு பாதை வழியாக இறங்குகின்றன. வயதாக ஆக முன்னாலிருந்து ஜவ்வு பிதுங்குகிறது, பின்னாலிருக்கும் சிறு மூட்டுகள் தேய்ந்து பருக்கின்றன, தசைநார் தடிக்கிறது. சின்னக் கடைவீதியில் இருபக்கமும் கடைக்காரர்கள் சாமானை வெளியே பரப்பி வைத்தால் நடுவில் ஆள் போகிற வழி எப்படிச் சுருங்குமோ, அப்படி. சில பெண்களுக்கு எல்4 எலும்பு எல்5 மேல் சற்று முன்னால் நழுவியும் இருக்கும். இதில் நமக்கு உதவுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும்போது இந்தப் பாதை இன்னும் இறுகுகிறது, முன்னால் குனியும்போதும் உட்காரும்போதும் கொஞ்சம் திறக்கிறது. ஆபரேஷன் இல்லாத வைத்தியத்தில் பயன் தருகிற பெரும்பாலானவை இந்தக் கொஞ்ச இடத்தை வைத்துத்தான் நடக்கின்றன.

அடுத்தது, அம்மாவின் கால் வலிக்குக் காரணம் உண்மையிலேயே இந்தக் குறுக்கம்தானா என்பது. ரிப்போர்ட்டில் 'சிவியர்' என்று போட்டிருப்பதால் இதைக் கேட்கவே பலர் மறந்துவிடுகிறார்கள். 1990-இல் அமெரிக்காவில், முதுகுவலியே வந்திராத 67 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்தக் குறுக்கம் படத்தில் தெரிந்தது. ஒரு தொந்தரவும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். படம் ஒன்று சொல்லும், ஆள் வேறொன்று சொல்வார். இரண்டும் பொருந்தினால்தான் நோய்.

பொருந்துகிறதா என்று கண்டுபிடிக்க நான் கேட்கிற கேள்விகள் ரொம்பச் சாதாரணமானவை. அம்மாபேட்டைப் பக்கம் குழித்தறியில் நெய்கிற ஒரு பெரியவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: "தறியில உக்காந்தா ஒண்ணுமே இல்லைங்க டாக்டர், காலையிலிருந்து சாயந்திரம்வரை மிதிப்பேன். எந்திரிச்சு டீக்கடைக்குப் போனாத்தான் காலு என்னுது இல்லாத மாதிரி ஆயிடுது." பிசியோவையும் எங்கள் ஊரில் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், விடுங்கள். குனிந்து உட்கார்ந்து செய்கிற வேலையில் வலியில்லை, நிமிர்ந்து நடந்தால் வலி என்றால் அது ஏறக்குறைய இந்த நோய்தான். ஏற்காட்டில் இருக்கிறவர்களிடம் இன்னொன்றும் கேட்கலாம்: மேட்டில் ஏறும்போது கஷ்டமா, இறங்கும்போதா? ஏறும்போது உடம்பு தானாக முன்னால் சாய்கிறது, பாதை திறக்கிறது. இறங்கும்போது பின்னால் சாய்கிறோம், இறுகுகிறது. காபித் தோட்டத்துச் சரிவில் ஏறிவிடுவேன், இறங்கத்தான் முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் ஸ்கேனுக்கு முன்பே எனக்குப் பாதி தெரிந்துவிடும். இறங்கும்போது முழங்கால் தேய்மானமும் வலிக்கும் என்பதால், வலி முட்டியிலா, தொடையிலும் கெண்டையிலுமா என்று கூடவே கேட்க வேண்டும்.

இதே மாதிரி நடந்தால் வலித்து நின்றால் சரியாகும் நோய் இன்னொன்று உண்டு. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பு. சர்க்கரை உள்ளவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இது அதிகம். அதில் மேடு ஏறுவதுதான் கஷ்டம். வலி வந்தால் உட்கார வேண்டியதில்லை, அப்படியே நின்றாலே சரியாகிவிடும். முதுகுப் பிரச்சினையில் நின்றால் போதாது, குனியவோ உட்காரவோ வேண்டும். பாதத்தில் நாடி தொட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் யாரும் பார்க்காமலே ஸ்கேன்வரை வந்துவிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள். கணுக்கால் அளவு, கை அளவில் 0.9 பங்குக்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று கொள்வார்கள். நீண்ட நாள் சர்க்கரையில் ரத்தக்குழாய் கெட்டித்து இந்த எண் பொய்யாக நன்றாகக் காட்டும் என்பதால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும் தேவைப்படலாம். மூன்றாவதாகச் சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு. அது பாதத்தில் ஆரம்பிக்கும், ராத்திரி படுத்த பிறகு எரியும், நடைக்கும் அதற்கும் அவ்வளவு சம்பந்தம் இருக்காது. உங்கள் அம்மாவுக்கு முதுகுக் குறுக்கமும் இந்தச் சர்க்கரை நரம்புப் பாதிப்பும் சேர்ந்தே இருக்கலாம். வருடக்கணக்காக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவது சகஜம் என்பதால் அந்த ரத்தப் பரிசோதனையையும் ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

இனி, காத்திருக்கக் கூடாத நிலைமைகள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தெரியாமல் போய்விடுவது, மலம் அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடத்தில் உணர்ச்சி மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் செருப்பு நழுவிக் கழன்றுபோவது, கால் பலம் நாளுக்கு நாள் குறைவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி, எண்ணெய் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது, அண்மையில் விழுந்தது என்றாலும் கதை வேறு. இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது: கழுத்திலும் இதே குறுக்கம் இருக்கலாம். கையில் பிடித்த டம்ளர் நழுவுகிறது, ஜாக்கெட் ஊக்கு போட விரல் ஒத்துழைக்கவில்லை, குடித்தவர் மாதிரி நடை தள்ளாடுகிறது என்றால் கழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே அழுந்துவது தண்டுவடமே. அந்த இடத்தில் நான் பயிற்சியில் காலம் கடத்தச் சொல்ல மாட்டேன், கழுத்தை யாரும் முறுக்கிவிடவும் அனுமதிக்காதீர்கள்.

இதெல்லாம் இல்லை என்றால் அவசரம் இல்லை. 'இப்போது ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் விழுந்துவிடும்' என்ற பயத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஸ்வீடனில் ஆபரேஷன் செய்துகொள்ளாத 32 பேரைச் சுமார் நான்கு வருடம் தொடர்ந்து கவனித்து 1992-இல் எழுதினார்கள். 70 சதவீதம் பேர் அப்படியே இருந்தார்கள், 15 சதவீதம் பேர் தேறினார்கள், 15 சதவீதம் பேருக்கு மோசமானது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் நான் பார்க்கிற நடைமுறைக்கு ஒத்துப்போகிறது. மிதமான குறுக்கம் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை நன்றாகவே ஓட்டிவிடுகிறார்கள் என்று முதுகெலும்பு மருத்துவர்களின் வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. மிகக் கடுமையான குறுக்கத்துக்கு இந்த நம்பிக்கை அதே அளவு பொருந்தாது, உங்கள் அம்மாவின் ரிப்போர்ட் அந்த வகை. ஆகவே கொஞ்சம் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும்.

சரி, பயிற்சிக்கு வருவோம். முதுகுவலி என்றதும் ஊரெல்லாம் சுற்றுகிற ஒரு தாள் இருக்கிறது. குப்புறப் படுத்துக் கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குகிற படம் அதில் முதலில் இருக்கும், புஜங்காசனம் மாதிரி. ஜவ்வு பிதுங்கிய இளவயதுக்காரர்கள் சிலருக்கு அது நல்லது. உங்கள் அம்மாவுக்கு நேர் எதிர்விளைவு. மகன் செய்த பயிற்சியை அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்து மறுநாள் கால் தூக்கவே முடியவில்லை என்று வந்த குடும்பங்கள் உண்டு. இவருக்கு வேண்டியது முன்பக்கம் மடங்குகிற பயிற்சிகள். கட்டிலில் மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சை நோக்கி இழுத்து, பதினைந்து இருபது எண்ணும்வரை வைத்து விட வேண்டும். பிறகு மறுகால், பிறகு முடிந்தால் இரண்டும் சேர்த்து. முழங்காலை மடக்கி வைத்து, இடுப்புக்குக் கீழே இருக்கும் இடைவெளி மறையும்படி முதுகைக் கட்டிலில் அழுத்துவது அடுத்தது. அடியில் கையை விட்டுப் பார்த்தால் சரியாகச் செய்கிறாரா என்று தெரிந்துவிடும், கை நசுங்க வேண்டும். நாற்காலியில் காலை அகட்டி உட்கார்ந்து மெதுவாகக் குனிந்து தரையைத் தொடப் போவது மூன்றாவது. எழும்போது கையைத் தொடையில் ஊன்றி எழ வேண்டும், தலை சுற்றும்.

மடங்குவது மட்டும் போதாது. வருடக்கணக்காக உட்கார்ந்தே இருக்கிறவர்களுக்குத் தொடையின் முன்பக்கத் தசை இறுகிவிடும். எழுந்து நின்றால் அது இடுப்பை முன்னால் இழுத்து முதுகை வளைத்துவிடும், பாதை அங்கேயே இறுகிவிடும். கட்டில் ஓரத்தில் மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மறுகாலை ஓரத்தில் தொங்கவிட்டால் அது இளகும். முதல் சில முறை யாராவது பக்கத்தில் நிற்கட்டும். பிட்டம், வயிறு இரண்டுக்கும் பலம் வேண்டும். அதற்கு வயதானவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. எட்டு பத்து தடவை, காலையும் மாலையும்.

ஒரு எச்சரிக்கை. அம்மாவுக்கு எலும்பு அடர்த்தி எப்படி என்று பார்க்காமல் குனிகிற பயிற்சிகளைக் கண்டபடி ஆரம்பிக்காதீர்கள். எலும்பு பலவீனமான பெண்களுக்கு, குறிப்பாக ஏற்கனவே ஒரு முதுகெலும்பு நசுங்கியிருந்தால், உட்கார்ந்து குனிவதும் மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்குகிற பயிற்சியும் இன்னொரு எலும்பை நசுக்கக்கூடும். அப்படி இருந்தால் படுத்தபடி முழங்காலை இழுப்பதோடு நிறுத்திக்கொண்டு மற்றதை மாற்றிக் கொடுப்பேன். முன்பைவிட உயரம் குறைந்துவிட்டதா, மேல்முதுகு கூனிவிட்டதா என்று கேளுங்கள்.

பயிற்சியின் மறுபாதி நடை. வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டச் சொல்வதில்லை. கால் கனக்க ஆரம்பித்ததுமே, வலி உச்சிக்குப் போகுமுன், உட்கார வேண்டும். ஓரிரு நிமிடத்தில் விட்டுவிடும், மறுபடி எழுந்து நடக்க வேண்டும். இப்படி விட்டு விட்டுச் சேர்த்து இருபது நிமிடம் என்பது நல்ல இலக்கு. தூரத்தைத் தெருவிளக்குக் கம்பத்தால் எண்ணச் சொல்வேன். இரண்டு கம்பம் தாண்டி உட்கார்ந்தவர் ஒரு மாதத்தில் நான்காவது கம்பத்துக்குப் போனால் வைத்தியம் வேலை செய்கிறது என்று பொருள். இன்னொரு ஸ்கேன் எடுத்தால் அது தெரியாது. ஏற்காட்டில் சமமான ரோடு கொஞ்சம்தான், ஆகவே போகும்போது ஏறி, வரும்போது இறங்குகிற வழியை முதலில் தவிருங்கள். திரும்பி வர முடியாமல் வழியில் மாட்டிக்கொள்வார். ஏரியைச் சுற்றிய பக்கம் ஓரளவு பரவாயில்லை. கைத்தடியைச் சற்று உயரம் குறைத்துக் கொடுத்தால் உடம்பு லேசாக முன்னால் சாயும், அது போதும். சக்கரம் வைத்த வாக்கர் இன்னும் நல்லது, ஆனால் இறக்கத்தில் பிரேக் இல்லாத வாக்கர் ஆபத்து. அம்மாவின் முழங்கால் ஒத்துழைத்தால் வீட்டில் ஓட்டும் நிலைச் சைக்கிள்தான் இந்த நோய்க்கு என் முதல் சிபாரிசு. குனிந்து உட்கார்ந்தபடி மூச்சும் இதயமும் வேலை செய்யும், சர்க்கரையும் இறங்கும். நடக்க முடியாததாலேயே எடை ஏறி, எடை ஏறியதாலேயே இன்னும் நடக்க முடியாமல் போகிற சுற்றை அதுதான் உடைக்கிறது.

வீட்டுக்குள் சின்ன மாற்றங்கள் பெரிய நிம்மதி தரும். சமையல் மேடைக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூல், நின்றுதான் ஆக வேண்டும் என்றால் ஒரு காலைச் சின்னப் பலகை மேல் மாற்றி மாற்றி வைப்பது, மேலடுக்கில் இருக்கும் டப்பாக்களை இடுப்பு உயரத்துக்கு இறக்கிவிடுவது (நிமிர்ந்து எட்டி எடுப்பதுதான் வினை), ஒருக்களித்து முழங்காலுக்கிடையே தலையணை வைத்துப் படுப்பது. ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயில் வரிசையில் நிற்க வேண்டுமென்று அடம்பிடித்தால் மடக்கு ஸ்டூல் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள். நிற்பது நடப்பதைவிட மோசம்.

மாத்திரைகளைப் பற்றி. இது டாக்டர்களின் எல்லை, நான் சொல்வது பொதுவாகத் தெரிந்த தகவல் மட்டும். இந்த நோய்க்கென்று எந்த மாத்திரையும் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. 2021-இல் ஒரு பன்னாட்டு வல்லுநர் குழு, ஆபரேஷன் இல்லாத வைத்தியங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வழிகாட்டுதல் வெளியிட்டது. நம் ஊர்ச் சீட்டுகளில் அன்றாடம் பார்க்கிற பிரீகாபலின், காபாபென்டின் போன்ற நரம்பு வலி மாத்திரைகள், பி12 வகையான மீத்தைல்கோபாலமின், வலி மாத்திரைகள், தசைத் தளர்ச்சி மாத்திரைகள் எதையும் இதற்காக அந்தக் குழு பரிந்துரைக்கவில்லை. மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கிற டுலோக்செட்டின் வகையையோ அமிட்ரிப்டிலின் வகையையோ முயன்று பார்க்கலாம் என்றது, அதற்கும் ஆதாரம் மெலிந்தது என்று சேர்த்தே சொன்னது. பிரீகாபலினை நேரடியாகச் சோதித்த ஒரு சிறு ஆய்விலும் நடக்கும் தூரம் கூடவில்லை. ஆனால் உங்கள் அம்மாவுக்கு அதைக் கொடுத்திருந்தால் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சர்க்கரை நரம்பு எரிச்சலுக்காகவே எழுதியிருக்கவும் கூடும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பி12 குறைவாக இருந்தால் அதற்கான ஊசியோ மாத்திரையோ கட்டாயம் வேண்டும், அது வேறு கணக்கு. எனக்குப் பயம் தருவது டைக்ளோஃபினாக், ஏசிக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகளை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதுதான். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ள எழுபது வயதுக்காரரின் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் அது நேரடி ஆபத்து.

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிக் குறிப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். 2014-இல் அமெரிக்காவில் இந்த நோய் உள்ள 400 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டீராய்டும் மரத்துப்போகும் மருந்தும் சேர்த்து, மறுபாதிக்கு மரத்துப்போகும் மருந்து மட்டும் போட்டார்கள். ஆறாவது வாரத்தில் வலியிலும் நடமாட்டத்திலும் இரண்டு தரப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இரண்டு தரப்பிலுமே ஓரளவு தேறினார்கள் என்பதால் 'ஊசி போட்டேன், நல்லாச்சு' என்று பக்கத்து வீட்டார் சொல்வது பொய்யல்ல. ஸ்டீராய்டால் தேறினார் என்பதுதான் சந்தேகம். ஒரே காலில் மின்சாரம் மாதிரிப் பாய்கிற கடுமையான வலிக்கு, சில வாரம் மூச்சுவிட நேரம் கிடைக்கட்டும் என்று ஒருமுறை போட்டுப் பார்ப்பதை நான் எதிர்க்க மாட்டேன். வருடத்துக்கு நாலு என்று தொடர்வது சரியில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் அளவு எகிறும், வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

பெல்ட் போட்டுக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் கூடுதல் தூரம் நடக்க உதவலாம், கழற்றினால் பலன் போய்விடும். வெளியே போகும்போது மட்டும் போடட்டும். டிராக்‌ஷனுக்கு இந்த நோயில் பயன் என்று சொல்ல ஆதாரம் கிடையாது, எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை. மின்சார ஒத்தடம், வெந்நீர்ப் பை இரண்டும் இதமாக இருக்கும், அவ்வளவுதான். பயிற்சிக்கு முன் உடம்பை இளக்கப் பயன்படுத்தலாம், ஆனால் இயந்திரத்தடியில் இருபது நிமிடம் படுத்துவிட்டு எழுந்து வருவதை பிசியோதெரபி என்று எண்ணிக்கொண்டு மாதக்கணக்கில் பணம் கட்டாதீர்கள். என் தொழிலைப் பற்றி நானே இப்படிச் சொல்கிறேன் என்று சிலருக்குக் கோபம் வரலாம். சூடான எண்ணெய் தேய்ப்பதும் இதம்தான், பாதகமில்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முதுகில் ஏறி மிதிப்பது, 'எலும்பை எடுத்துவைக்கிறேன்' என்று சுளுக்கு எடுப்பதுபோல முறுக்குவது வேண்டவே வேண்டாம். பயிற்சி பெற்றவர் கையால் மூட்டுகளை மெதுவாக இளக்குவது வேறு. 2019-இல் வந்த ஒரு ஆய்வில் அறுபது வயதுக்கு மேற்பட்ட 259 பேரில், கைவைத்தியமும் தனிப்பட்ட பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்கள் இரண்டாவது மாதத்தில் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள், ஆறாவது மாதத்தில் எல்லாரும் ஒன்றாகிவிட்டார்கள். பயிற்சியைத் தொடர்ந்து செய்யாவிட்டால் யார் கைவைத்தாலும் நிற்காது என்று நான் அதைப் படிக்கிறேன்.

வாரத்துக்கு மூன்று நாள் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறி பிசியோதெரபிக்கு வருவது எழுபது வயதில் நடக்கிற காரியமில்லை. ஆனால் கண்காணிப்பில் செய்கிறவர்கள், தாளைப் பார்த்து வீட்டில் செய்கிறவர்களைவிட நன்றாகத் தேறுகிறார்கள் என்று ஜப்பானில் செய்த ஒரு ஆய்வு காட்டியது. ஆகவே முதல் சில தடவை நேரில் வந்து கற்றுக்கொள்ளட்டும், கூட வருகிறவர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணமில்லாமல் பார்ப்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அடக்கம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

இவ்வளவும் ஆறு வாரம் முதல் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் கம்ப எண்ணிக்கை கூடவில்லை, அம்மா வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை என்றால் ஆபரேஷனை ஒதுக்கக் கூடாது. 2015-இல் வெளியான ஒரு ஆய்வில், ஆபரேஷனுக்குச் சம்மதித்திருந்த 169 பேரைப் பிரித்துப் பாதிப்பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு வருட முடிவில் இரு தரப்பும் நடமாட்டத்தில் சமமாக இருந்தன. இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது நேர்மையில்லை, பயிற்சித் தரப்பில் 57 சதவீதம் பேர் இடையிலேயே ஆபரேஷனுக்கு மாறிவிட்டார்கள். 2008-இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் முதல் சில வருடங்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக நன்றாக இருந்தார்கள். அந்த ஆய்விலேயே, யாருக்கு எந்த வைத்தியம் என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்த குழுவில் நான்கு வருடத்துக்குப் பிறகு அந்த வித்தியாசம் சுருங்கியது. ஆக, ஆபரேஷன் கால்வலியை வேகமாகக் குறைக்கிறது, பயிற்சி சிலருக்கு அதைத் தேவையில்லாமல் செய்கிறது. யார் அந்தச் சிலர் என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்லும் வழி இன்னும் யாரிடமும் இல்லை.

மறுபடி சர்ஜனைப் பார்க்கப் போகும்போது மூன்று விஷயம் கேளுங்கள். அழுத்தத்தை மட்டும் எடுப்பீர்களா, திருகும் கம்பியும் வைத்து எலும்புகளை இணைப்பீர்களா, இணைப்பதாக இருந்தால் ஏன்? 2016-இல் ஸ்வீடனில் நடந்த ஆய்வில், அழுத்தத்தை எடுப்பதோடு இணைப்பையும் சேர்த்துச் செய்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை, ஆனால் செலவும் ரத்த இழப்பும் கூடின. எலும்பு அதிகமாக ஆடுகிற சிலருக்கு இணைப்பு தேவைப்படலாம், அதற்கு நிமிர்ந்தும் குனிந்தும் எடுத்த எக்ஸ்ரே வேண்டும். இரண்டாவது, குறையப்போவது கால்வலியா, முதுகுவலியா? காலுக்குத்தான் பெரும்பாலும் பலன், முதுகுவலிக்கு உத்தரவாதம் குறைவு. மூன்றாவது, மூன்று மாதம் பயிற்சி செய்து பார்த்துவிட்டு வந்தால் ஏதாவது கெட்டுப்போகுமா? கால் பலமும் சிறுநீரும் சரியாக இருந்தால் பெரும்பாலான சர்ஜன்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். உங்கள் டாக்டர் கெட்டுப்போகும் என்று சொன்னால், அம்மாவின் உடம்பில் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு இன்னொரு சர்ஜனிடம் காட்டுங்கள்.